டப்பாவில் போட்ட சோழிகள்

எந்த விளையாட்டானாலும் சரி, அதோடு வருகிற விதிப்புத்தகத்தை மனிதர்கள் படிப்பதில்லை. பெட்டியைப் பிரித்ததும் புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, "முன்னாடி ஆடினவங்க யாரு? சொல்லிக்குடுங்க" என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அரசாங்கம் ஒரு உத்தியோகத்தை ஏற்படுத்தி, 'விளக்குநர்' என்று அதற்குப் பெயரும் சூட்டி, மேட்டுநகர் கரையோரத் திட்டக் கூடத்தில் அம்சவல்லியை உட்கார வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் சொல்லிக்கொடுத்தால் மரமண்டைக்கும் ஏறும் என்று கூடத்தில் பேச்சு. சும்மா சொல்லக்கூடாது, அது உண்மைதான்.

அந்தப் புதன்கிழமை காலை அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது தம்பி மாசிலாமணி கூப்பிட்டான்.

"அக்கா, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம்" என்றான் எடுத்த எடுப்பில். "பூவிழி பத்தாவது பரீட்சை எழுதணும்னா ஊர் எண் குடுக்கணுமாம். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன்தான், அவரு என்ன செய்வாரு? எண் இல்லாம கம்ப்யூட்டர் பேரை வாங்க மாட்டேங்குதுங்கறாரு."

"மனு போட்டியாடா?"

"இருபத்தேழு மனு போட்டாச்சுக்கா."

"இன்னொண்ணு போட்டுப் பாரு. வரும்."

அவன் பின்னால் யாரோ தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. பழைய அரிசி ஆலை ஒன்றின் கிடங்கில் நாற்பது குடும்பங்களோடு நாற்பத்தோராவது குடும்பமாக அவன் இருக்கிறான்.

"நீ அந்த ஆபீஸ்லதானேக்கா இருக்கே" என்றான். "எங்க பேரு எங்கதான் போச்சுன்னு ஒரு தடவை பாக்கக் கூடாதா? கோரைத்திடலைக் கடலுக்கு விட்டு நாலு வருஷம் ஆச்சு. ரேஷன் கெடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டு கெடையாது. எந்த ஊருன்னு கேட்டா சொல்ல ஒரு பேரு கெடையாது. எனக்குப் போனாப் போவுது. புள்ள என்னக்கா பாவம் பண்ணிச்சு?"

"பாக்குறேன்டா" என்றாள் அம்சவல்லி.

போன தடவையும் அதைத்தான் சொன்னாள். பாராமல் இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. மேல் அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள், 'பரிசீலனையில் உள்ளது' என்று இரண்டுக்கும் பதில் வந்தது. அவள் ஃபைலில் சொருகினாள். தம்பி மகளை நினைத்து நெஞ்சு பதற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். போனை மடியில் வைத்துக்கொண்டு, பதறுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் நிறுத்தம் வந்துவிட்டதால் இறங்கினாள்.

கோரைத்திடல் அவர்கள் இரண்டு பேரும் பிறந்த ஊர். கடல் ஏறி வரத் தொடங்கியதற்கு அப்புறம் கரையோரத்தில் எந்த ஊரைக் காப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிற ஆட்டம் இந்தக் கூடத்தில்தான் நடக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, ஒன்பதாம் எண் கட்டத்தை ஐந்து பேர் சேர்ந்து ஆட்டப்பலகையிலிருந்து தூக்கினார்கள். அது கோரைத்திடல் என்பது ஒரு மாதம் கழித்து அரசாணையில் வந்தது. அதை மத்தியான வேளையில் படித்தாள் அம்சவல்லி. படித்துவிட்டு, கொண்டு போயிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள். ஊறுகாய் கொஞ்சம் உப்பாக இருந்தது என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

கூடத்தில் ஐந்து பேரும் வந்து காத்திருந்தார்கள். குலுக்கலில் பேர் விழுந்தவர்கள். லாரி ஓட்டுகிற ஜெய்னுலாபுதீன், மீன் விற்கிற செல்லக்கிளி, ஒரு டியூஷன் வாத்தியார், ஒரு கரண்ட் வேலைக்காரர், அப்புறம் கல்யாண சமையல் காண்டிராக்டர் வைத்திலிங்கம். இந்த வைத்திலிங்கம் காலை ஏழரைக்கே வந்துவிட்டாராம். சமையல்காரர்களுக்கு விடிந்ததற்கு அப்புறம் போய்ப் பழக்கம் இல்லை. பொழுது போகாமல், கூடத்து அலமாரியில் தூசி படிந்து கிடந்த விதிப்புத்தகத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒருவர் செய்து அம்சவல்லி பார்த்ததில்லை.

"அதெல்லாம் வேண்டாங்க, நானே சொல்லிடுவேன்" என்றாள்.

"இருக்கட்டும்மா, சும்மாத்தானே உக்காந்திருக்கேன்."

முதலில் மருந்துப் பட்டை. கட்டைவிரல் நகம் அளவு சதுரம், முன்கையின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். பெட்டியில் ஆறு வரும். ஆடுகிறவர்களுக்கு ஐந்து, விளக்குநருக்கு ஒன்று. ஐந்து பேருக்கும் அவளே ஒட்டிவிட்டு, ஆறுக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். தன் முன்கையைப் புடவைத் தலைப்போடு சேர்த்துச் சொறிந்துகொண்டாள்.

"இது என்னத்துக்குக்கா?" என்று கேட்டாள் செல்லக்கிளி. "மயக்கம் வருமா?"

"வராதும்மா. புத்தி தெளிவாத்தான் இருக்கும். அழுகை வராது, கோவம் வராது. நம்ம ஊரு, அவங்க ஊருன்னு தோணாது. ஏழு மணி நேரத்துல தானா விட்டுடும்."

"அழுவாம எதுக்கு ஆடணும்? இதை மெஷினையே செய்யச் சொல்லிடலாமே" என்றார் ஜெய்னுலாபுதீன்.

"முதல்ல மெஷின்தான் பாய் செஞ்சுது. எங்க ஊரை விடுன்னு சொல்ல இது யாருன்னு ஜனங்க ரோட்டை மறிச்சாங்க. மனுஷன் சொன்னா கேட்டுக்கறோம்னாங்க. சரின்னு மனுஷங்களை உக்கார வச்சா, ஒருத்தரும் ஒரு ஊரையும் தூக்க மாட்டேன்னுட்டாங்க. இதே மேசையில அடிதடி ஆயிருக்கு. எதையும் முடிவு பண்ணாம விட்டதுல, அந்த வருஷம் தண்ணி வந்து மூணு ஊரு சொல்லாமக் கொள்ளாமப் போச்சு. அதுக்கப்புறம்தான் பட்டை வந்துது."

வைத்திலிங்கம் புத்தகத்தில் விரலை வைத்தபடி, "நியாயந்தான்" என்றார்.

பட்டை பிடிப்பதற்குள் அவள் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். மேசை நிறைய தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். கட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஊர். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கட்டத்தின் மேல் சோழிகள். ஒரு சோழிக்குப் பத்துக் குடும்பம். ஐந்து பேருக்கும் ஐந்து பொறுப்பு: தண்ணீர், நெல், வைத்தியம், சாலை, கடல்சுவர். ஒரு சுற்று என்பது பத்து வருஷம். சுற்று தொடங்கியதும் அவரவர் கட்டங்களிலிருந்து வில்லை சேரும். நீல வில்லை தண்ணீர், மஞ்சள் நெல், இப்படி. முதலில் சோழிக்கெல்லாம் படியளக்க வேண்டும். மிச்சத்தில் கட்டலாம்: குளம், கிடங்கு, ஆஸ்பத்திரி, சுவர். ஒருவருக்கொருவர் பண்டமாற்று உண்டு.

"எடுத்ததுமே எல்லாரும் சுவர் கட்டத்தான் ஓடுவாங்க" என்றாள். "அதைச் செய்யாதீங்க. முதல் ரெண்டு சுத்துல குளமும் கிடங்கும் கட்டினவங்கதான் கடைசியில நிப்பாங்க. சாலை இல்லாத ஊருக்கு மாத்து நடக்காது, அதனால பாய், உங்க வேலை முதல்ல. ஒவ்வொரு சுத்து முடிவுலயும் ஒரு கடல் அட்டை எடுப்போம். அது எந்தக் கட்டம் வரைக்கும் தண்ணி ஏறுதுன்னு சொல்லும். சுவர் இருந்தா நிக்கும்."

"எல்லாத்துக்கும் சுவர் கட்டிட்டா?" என்றார் டியூஷன் வாத்தியார்.

"கல் வில்லை பன்னெண்டுதான். கட்டம் இருபத்திரெண்டு. அஞ்சு சுத்து முடிஞ்சதும், காப்பாத்த முடியாத கட்டத்தை நீங்களே தூக்கணும். அஞ்சு பேரும் கை தூக்கினாத்தான் செல்லும். தூக்கினதும் அதுல இருந்த சோழியை டப்பாவுல போட்டுட்டா ஆட்டம் முடிஞ்சுது. மேல இருக்கற கண்ணு பாத்துக்கும்."

மேலே விட்டத்தில் ஒரு கருவி. பலகையைப் பார்த்துப் படித்து, தலைநகரத்துக்கு அனுப்பும். ஒத்துக்கொண்டால் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். அந்த மணிக்கு அப்புறம் அரசாணை, லாரி, போலீஸ், கடல் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடும்.

நன்றாகத்தான் ஆடினார்கள். பட்டை பிடித்த பிறகு யாரும் குரலை உயர்த்தவில்லை. மூன்றாம் சுற்றில் வைத்தியப் பொறுப்பிலிருந்த செல்லக்கிளி ஒரு ஆஸ்பத்திரியைக் கொடுத்து இரண்டு கிடங்கு வாங்கினாள். சாமர்த்தியமான மாற்று, எங்கேயோ இருநூறு குடும்பத்துக்குப் பிரசவம் பார்க்க இடம் இல்லாமல் போனது. அவள் வில்லையை எண்ணிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். நாலாம் சுற்றில் கடல் இரண்டு கட்டம் உள்ளே வந்தது. ஐந்தாம் சுற்று முடிந்தபோது மணி ஒன்றேமுக்கால். பதினேழாம் எண்ணுக்குச் சுவரும் இல்லை, நெல்லும் இல்லை. ஐந்து கைகளும் உயர்ந்தன.

"அவ்வளவுதாங்க. சோழியை டப்பாவுல போட்டுடுங்க. சாப்பிடப் போகலாம்" என்றாள் அம்சவல்லி.

வைத்திலிங்கம் பதினான்கு சோழிகளையும் கையில் அள்ளினார். அள்ளியவர் போடவில்லை.

"ஏம்மா, முப்பத்தொண்ணாவது விதியில வேற மாதிரி போட்டிருக்கே" என்றார்.

"எதுல?"

அவர் புத்தகத்தைத் திருப்பி வைத்து, விரலை ஓட்டிப் படித்தார். "'தூக்கப்பட்ட கட்டத்தின் சோழிகளை ஒவ்வொன்றாக, ஐவரின் ஒப்புதலோடு, வேறு கட்டங்களில் வைத்த பின்னரே ஆட்டம் முடிவுறும். டப்பாவில் இடப்படும் சோழி, தாமாகவே வெளியேறி, இடம் வேண்டாத குடும்பங்களாகக் கொள்ளப்படும்.' இவங்க தாமாவா போறாங்க? நாமதானே தூக்கினோம்?"

அவர் குரலில் கோபம் இல்லை, பட்டை வேலை செய்துகொண்டிருந்தது. பந்தி எண்ணிப் பழகிய மனிதர், அவ்வளவுதான். வந்தவர்களின் தலையை எண்ணாமல் இலை போட அவருக்கு வராது.

அம்சவல்லி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். இருந்தது. இது அவள் படிக்காத விதியும் அல்ல. பயிற்சியில் நாற்பத்து நாலு விதிகளையும் தலைகீழாக ஒப்பித்து முதலாவதாக வந்தவள். வேலைக்கு வந்த முதல் மாதம் முறையாகத்தான் செய்தாள். ஒரு சோழிக்கு ஐந்து பேரும் பேசி, அந்தக் கட்டத்துத் தண்ணீரைப் பார்த்து, நெல்லைப் பார்த்து, கை தூக்க ஐந்து நிமிஷம் ஆகும். இருபது சோழி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். ஒரு நாள் ஆட்டத்தில் ஒரு பெரியவர், சர்க்கரை வியாதிக்காரர், பசி தாங்காமல் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். எல்லாரும் பதறிப்போய் எழுந்தார்கள். "டப்பாவுல போட்டு வைங்க, சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றாள் அவள். சோழி டப்பாவில் விழுந்ததும் மேலே 'டிங்' என்று மணி அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் முடிவுத்தாள் அச்சாகி வெளியே கிடந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் நேரமாகிவிட்டது. அதற்கடுத்த ஆட்டத்தில் அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். வாயால் சொல்லிச் சொல்லி, ஆறு மாதத்தில் அதுவே விதியாகிவிட்டது.

"எங்க பேரு எங்கதான் போச்சு" என்று தம்பி காலையில் கேட்டது அவள் காதில் விழுந்தது. எங்கே போயிற்று என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சுவரோரமாக இருக்கிற பச்சை அலமாரியில், மேலிருந்து மூன்றாவது தட்டில் இருக்கிறது. தூக்கிய ஊருக்கு ஒன்றாக, தேதி எழுதி ஒட்டி, அவளே அடுக்கி வைத்த பழைய பிஸ்கட் டப்பாக்கள்.

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்றார் வைத்திலிங்கம்.

"நீங்க சொல்றதுதாங்க சரி. நான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்" என்றாள். "டப்பாவுல போடாதீங்க. ஒண்ணொண்ணா வைக்க ஆரம்பிங்க. சாப்பாட்டை இங்கேயே கொண்டாரச் சொல்றேன்."

அலமாரியைத் திறந்து எண்ணினாள். அறுபத்தோரு டப்பா. ஒவ்வொன்றின் மேலும் சோழி எத்தனை என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. கூட்டினால் ஆயிரத்து நூற்று நாற்பது சோழி வந்தது. பதினோராயிரத்து நானூறு குடும்பம். சரிதானா என்று மறுபடியும் ஒரு தடவை கூட்டினாள். சரியாகத்தான் இருந்தது. கோரைத்திடல் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத் தலைவர் துரைக்கண்ணுவின் அறைக்குப் போனாள்.

துரைக்கண்ணு கெட்ட மனுஷன் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, அதை அப்படியே கழித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க முகம் வெளுத்துப்போனது. ஜாடியிலிருந்து தண்ணீரை ஊற்றி மடமடவென்று குடித்தார்.

"ஒன்பது வருஷமா?" என்றார்.

"ஆமாம் சார்."

"மேல யாரும் கேக்கவே இல்லையே அம்சவல்லி?"

"கேக்க மாட்டாங்க சார். அவங்களைப் பொறுத்தவரைக்கும் அத்தனை பேரும் தானா போனவங்க. எடம் வேண்டாம்னுட்டுப் போனவங்களுக்கு எதுக்கு ஊர் எண்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க தம்பி கோரைத்திடல்தானே?"

"ஆமாம் சார். இதுதான் அந்த டப்பா. பத்தொன்பது சோழி. அவன் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள எண் வேணும். இல்லேன்னா பரீட்சை எழுத முடியாது."

"சரி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றார் துரைக்கண்ணு, குரலைத் தாழ்த்தி. "'கைத்தவறு'ன்னு ஒரு படிவம் இருக்கு. அதுல ஒரு பலகையை மட்டும் நான் திருத்தலாம். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. வெளியில அஞ்சு பேரும் உக்காந்துதான் இருக்காங்க. இந்தப் பத்தொன்பதையும் இன்னிக்கே வச்சுட்டா, நாளைக்குக் காலையில எண் வந்துடும். பொண்ணு பரீட்சை எழுதட்டும். இனிமே வர்ற ஆட்டத்தையெல்லாம் ஒழுங்கா நடத்திக்குவோம்."

"மத்த அறுபது டப்பா?"

"அதை யாரும் கேக்கலையே."

அவள் டப்பாவின் மேல் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் தெறந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்" என்றார் அவர். "விசாரணைக் கமிஷன் போடுவாங்க. கமிஷன் முடியற வரைக்கும் ஒரு சோழியைக்கூடத் தொட விட மாட்டாங்க. எட்டு மாசமோ ஒரு வருஷமோ. அப்புறமும் பழைய பலகையிலேர்ந்து வரிசையாத்தான் வருவாங்க. கோரைத்திடல் எத்தனையாவது?"

"முப்பத்தெட்டாவது சார்."

"பாத்தீங்களா? உங்க வேலை போகும், என் வேலையும் போகும், அதை விடுங்க. அந்தப் பொண்ணு? கைத்தவறுன்னு ஒண்ணு எழுதிட்டு, அப்புறம் நீங்க மத்ததைப் பத்திச் சொன்னா, இதையும் சேத்து ரத்து பண்ணிடுவாங்க. ரெண்டுல ஒண்ணுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ரத்த சொந்தம்."

அவள் யோசித்தாள். யோசிக்க அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு பக்கம் பத்தொன்பது சோழி. இன்னொரு பக்கம் ஆயிரத்து நூற்று இருபத்தோரு சோழி. அந்தப் பத்தொன்பதில் ஏதோ ஒன்றில் மாசிலாமணி இருக்கிறான், ஒன்பது மற்றக் குடும்பங்களோடு. எது என்று சொல்ல முடியாது. எல்லாச் சோழியும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒரு பக்கம் கனமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது, அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே கிடந்தது, பூவிழி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையை முதலில் வாங்கியது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள். நினைவெல்லாம் தெளிவாகத்தான் வந்தது. தராசு அசையவில்லை.

"எல்லாத்தையும் தெறந்துடலாம் சார்" என்றாள். "தகவல் நானே எழுதித் தர்றேன்."

துரைக்கண்ணு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க பெரிய மனுஷிம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. அவர் பட்டை ஒட்டுகிற ஆள் இல்லை. பெரிய மனுஷி என்பது எதைப் பார்த்து என்று அவளுக்கு விளங்கவில்லை. எது பெரிய எண் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

இரண்டு பக்கத் தகவலை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேலே அனுப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது மணி மூன்று. மேசையில் ஏழாவது சோழி போய்க்கொண்டிருந்தது. நாலாம் எண் கட்டத்தில் தண்ணீர் போதுமா என்று ஜெய்னுலாபுதீனும் செல்லக்கிளியும் பேசிக்கொண்டிருந்தார்கள். வைத்திலிங்கம் ஒரு கையில் பொட்டலச் சோறும் மறு கையில் சோழியுமாக நின்றார். அவர்களைத் தொந்தரவு செய்யாமல் அவள் தன் மேசைக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். விதி என்ன, அவள் சொல்லிக்கொடுத்தது என்ன, சோழிகள் எங்கே இருக்கின்றன எல்லாம். துரைக்கண்ணு சொன்ன யோசனையையும் மறைக்கவில்லை. அவள் பதில் சொன்னதையும் மறைக்கவில்லை.



"அப்ப நாலு வருஷமா நாங்க தேடிக்கிட்டிருந்த எடம் உன் அலமாரியாக்கா?" என்றான் மாசிலாமணி.

"ஆமாம்டா."

"என்னை மனு போடு, மனு போடுன்னு…"

"ஆமாம்டா. எனக்குத் தெரியல."

"சரி. தெரியல. இன்னிக்குத் தெரிஞ்சுதுல்ல? இன்னிக்கு அந்த ஆளு, வச்சுடலாம்னு சொன்னாருல்ல? உன் கையிலதானே இருந்துச்சு டப்பா?" அவன் குரல் உடைந்தது. "நியாயம் பேசாதேக்கா. மத்த சனங்களும் மனுஷங்கதான், நான் இல்லேங்கல. வேணாம்னுகூட நானே சொல்லியிருப்பேன். ஆனா அவரு கேட்டப்ப, பூவிழி மூஞ்சி கண்ணு முன்னால வந்து நிக்கலையா? ஒரு நிமிசம் உனக்கு ஒண்ணுமே தோணலையாக்கா?"

அம்சவல்லி தன் முன்கையைப் பார்த்தாள்.

"பட்டை ஒட்டியிருக்கேன்டா" என்றாள். "ஆட்டம் நடக்குதுல்ல. அதுல ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் விட்டுடும். விட்டதும்தான் எல்லாம் வரும்."

அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நிஜமாகவே கொஞ்சம் ஆறுதலானதுபோல இருந்தது.

"ஆமாம்ல" என்றான். "நீ என்ன பண்ணுவே. பட்டை இருக்கும்போது என்ன தெரியும். நான் ஒரு மடையன், அதை மறந்துட்டேன். விட்டதும் கூப்புடுக்கா."

"கூப்பிடுறேன்டா."

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அவள் முன்கையில் பட்டை இல்லை. இந்தப் பாழாய்ப்போன ஐப்பசி மழைக்கு அந்த இடத்தில் படை வந்து தோல் உரிந்தது. ஒட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடத்தில் சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று அவள் சொல்லவில்லை. இப்போது தை பிறந்துவிட்டது. ஆறாவது பட்டைகள் எல்லாம் உறை பிரிக்காமல் அவள் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. மருந்து முழுசாக உடம்பை விட்டுப் போக எத்தனை நாள் ஆகும் என்று அந்த டாக்டரிடம் கேட்டிருந்தாள். "ஏழு மணி நேரம். அதிகம் போனா ரெண்டு நாள்" என்றார் அவர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது. சாயங்காலப் பஸ்ஸில் பாதி வழி வரும்போது பட்டை விடும். காலையில் தூக்கிய ஊரெல்லாம் அப்போது வந்து நெஞ்சில் ஏறும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள். கண்டக்டர் ஒரு தடவை பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். எந்த வருஷத்தில் அது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் கவனித்திருக்கிறார். "சொவத்தோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அன்றைக்கும் தான் பட்டையில் இருந்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, கூடத்துக்கு விடுமுறை.

பதினான்காவது சோழி நாலரை மணிக்கு வைக்கப்பட்டது. 'டிங்' என்று அடித்தது. ஐந்து பேருக்கும் பட்டை விட்டிருந்தது. செல்லக்கிளி தான் விற்ற ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டு மேசையில் தலையைக் கவிழ்த்துத் தேம்பினாள். ஜெய்னுலாபுதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அம்சவல்லி அவர்கள் அழுகிறதைக் கவனமாகப் பார்த்தாள். முதலில் மூக்கை உறிஞ்சுகிறார்கள், அப்புறம்தான் தோள் குலுங்குகிறது.

ஐந்தரை மணி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் இன்னும் இருந்தது. பாதி வழி, அந்தப் பழைய இடம், வரும்வரை அவள் காத்திருந்தாள். பாலம் வந்தது. பாலம் போயிற்று. அதற்கு அப்புறமும் இரண்டு நிறுத்தம் காத்திருந்து பார்த்தாள்.

பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"விட்டுடுச்சாக்கா?" என்றான் அவன் எடுத்ததும். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அவள் செல்லக்கிளி செய்த மாதிரி மூக்கை உறிஞ்சினாள். "மாசி…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

"ஐயோ, அழுவாதேக்கா" என்றான் மாசிலாமணி. "நீ என்ன வேணும்னா செஞ்சே? பூவிழி அடுத்த வருசம் எழுதிட்டுப் போறா. அவகிட்ட சொல்லிட்டேன், அவ ஒண்ணும் சொல்லலை. நீ ஒடம்பைக் கெடுத்துக்காதே. அழுவாதேக்கா, நான் இருக்கேன்ல…"

சொல்லிக்கொண்டே அவன் அழ ஆரம்பித்துவிட்டான். நாலு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதான். அம்சவல்லி போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அடுத்து எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினால் சரியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.